பழைய வீட்டைப் பதிவேட்டில் ஏற்ற முடியுமா? வாசகர் கேள்வியும் பதிலும்

திருகோணமலை நகருக்குள் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தும் இடிக்கப்பட்டும் போவதைப் பற்றிச் சென்ற இதழில் வேறொரு பதிலின் நடுவே சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுவதும். படிப்பு, கடன், கலியாணம் என்று வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, டைக் வீதியில் எங்கள் அம்மம்மாவின் வீடு இருக்கிறது. அம்மம்மாவின் அப்பா டொக்யார்ட்டில் கிளார்க்காக இருந்த காலத்தில் கட்டியது என்று சொல்வார்கள். முன்னால் மரத்தூண் வைத்த விறாந்தை, நடுவில் முற்றம், பின்னால் கிணறு. இப்போது நானும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறோம். மாமா லண்டனில், பெரியம்மாவின் பிள்ளைகள் கனடாவில். "இடிச்சுப்போட்டு ஹோட்டல்காரருக்குக் குடுப்பம்" என்று மாமா நிற்கிறார். மரபுரிமைப் பதிவேட்டில் போட்டுவிட்டால் யாராலும் இடிக்க முடியாது என்று ஒருவர் சொன்னார். எங்கே போய்ப் பதிவது? (ஒரு வாசகி, டைக் வீதி)

பதில்: தங்கச்சி, நேராகவே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தால் அன்றிலிருந்து ஒருவரும் தொட முடியாது என்கிற மாதிரி ஒரு பதிவேடு எங்கள் ஊரில் இல்லை. இருப்பது இரண்டு வழி. இரண்டும் மெதுவான வழி, இரண்டுக்கும் நீங்கள்தான் பின்னால் நின்று தள்ள வேண்டும்.

முதலாவது வர்த்தமானி வழி. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதில் 1815 மார்ச் 2 என்று ஒரு தேதியைக் கோடாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், கண்டி ஒப்பந்தம் நடந்த நாள் அது. அதற்கு முந்திய கட்டடம் என்றால் சட்டத்தின் கண்ணில் அது பழங்கால நினைவுச்சின்னம். உங்கள் வீடு அதற்குப் பிந்தியது, ஆகவே தானாக உள்ளே வராது. ஆனாலும் பிந்திய கட்டடங்களையும் அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்துச் சேர்த்துக்கொள்ளலாம், தனியார் காணியில் உள்ளதைக்கூடப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று பிரகடனம் செய்யலாம். அப்படி ஆகிவிட்டால் திருத்துவதென்றாலும் மாற்றுவதென்றாலும் இடிப்பதென்றாலும் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி எடுக்க வேண்டும். பாதுகாப்பு எவ்வளவு பலமோ கட்டுப்பாடும் அவ்வளவு. மழைக்கு ஓடு மாற்றக்கூட முதலில் கடிதம் எழுத வேண்டி வரும், அதை அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது நகரத் திட்ட வழி. நகர அபிவிருத்தி அதிகார சபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரு பகுதிக்கு அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கும்போது, பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள், பாதுகாக்க வேண்டிய வீதிகள் என்று அதில் குறிப்பிட முடியும். அந்த வரைவைப் பொதுமக்களின் பார்வைக்கு வைப்பார்கள், கருத்தும் கேட்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் போவதில்லை, திட்டம் வந்து முடிந்த பிறகுதான் சந்தியில் நின்று கதைக்கிறோம். உங்கள் வீட்டைப் போன்ற நூறு வருடத்து வீடுகளுக்கு உண்மையில் பொருத்தமான வழி இதுதான் என்பது என் எண்ணம், ஏனென்றால் ஒரு வீட்டை மட்டும் தூக்கிப் பிடிக்காமல் வீதியின் முகப்பையே பார்க்கிற வழி இது. டைக் வீதியில் பக்கத்துப் பக்கத்தாக நாலு பழைய விறாந்தை இன்னும் நின்றால் நாலு வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதுங்கள். அதற்கு இருக்கும் மரியாதையே வேறு.

சரி, இதெல்லாம் இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு இன்றைக்கு இருக்கிற ஆபத்து உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில் இருக்கிறது. அம்மம்மாவின் பெயரில் உள்ள உறுதி பிள்ளைகள் மூன்று பேருக்கும் பிரிபடாத பங்காக வந்திருக்கும் என்று உங்கள் கடிதத்திலிருந்து விளங்குகிறது. அப்படியென்றால் மாமா தன் பங்கை யாருக்கும் விற்கலாம், அதை நீங்கள் மறிக்க முடியாது. ஆனால் மற்றப் பங்காளிகள் சம்மதிக்காமல் பொதுவாக உள்ள வீட்டை அவர் தனியே இடிக்க முடியாது, அப்படி இடிக்க ஆள் வந்தால் சட்டத்தரணி மூலம் மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி எந்தப் பங்காளியும் வழக்குப் போடலாம், காணியைப் பிரிக்க வசதியில்லை என்று நீதிமன்றம் கண்டால் விற்றுக் காசைப் பிரிக்கும்படி சொல்லவும் கூடும். நகருக்குள் இருக்கிற ஒடுங்கின வளவுகளுக்கு இதுதான் நடக்கிறது. பழைய வீடுகள் போனதற்கு மழையும் கடல் காற்றும் காரணம் என்கிறோம், ஆனால் எனக்குத் தெரிந்தவரை அதைவிட அதிகமான வீடுகள் பிரிபடாத பங்கினால்தான் போயிருக்கின்றன, ஏனென்றால் எல்லாருக்கும் சொந்தமான வீட்டுக்கு ஓடு மாற்றுகிற செலவை ஒருவரும் ஏற்பதில்லை.

ஆகவே முதலில் காணிப் பதிவகத்துக்குப் போய் உங்கள் காணிக்குரிய பதிவுப் பக்கங்களின் பிரதியை எடுங்கள். யார் யார் பெயரில் என்ன பங்கு நிற்கிறது, எவராவது ஏற்கனவே அடகு வைத்திருக்கிறார்களா என்று அதில் தெரியும். அந்தக் காணி தொடர்பாகப் புதிதாக ஏதாவது பதிய வந்தால் உங்களுக்கு அறிவிக்கும்படி கேவியட் போடவும் அங்கே வழி இருக்கிறது, நொத்தாரிசிடம் கேட்டால் செய்து தருவார். அப்புறம் கனடாப் பிள்ளைகளோடு கதையுங்கள். மாமாவை ஒதுக்கிவிட்டுக் கதைக்காதீர்கள், அவருக்கும் அது அம்மாவின் வீடு. பங்கை அவர் விற்கத்தான் போகிறார் என்றால் வெளியாளுக்குப் போக முன்னம் குடும்பத்துக்குள் ஒருவர் வாங்குவது ஒன்றுதான் வீட்டை நிச்சயமாகக் காப்பாற்றும். தவணை முறையில் என்றாலும் ஒழுங்கு செய்து, எழுத்தில் வையுங்கள்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, அதைப் பற்றிக் கீழே மூன்றாவது கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன், தயவுசெய்து அதையும் வாசியுங்கள்.

கேள்வி: நான் திருகோணமலையில் பிறந்து இப்போது கனடாவின் மார்க்கம் நகரில் இருக்கிறேன். நாங்கள் வாங்கிய பழைய வீட்டை நகரசபை மரபுரிமைப் பதிவேட்டில் சேர்த்திருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. எங்களைக் கேட்காமலே சேர்க்கலாமா? வீட்டின் விலை விழுந்துவிடுமா? (வாசகர், ஒன்டாரியோ)

பதில்: கேட்காமலே சேர்க்கலாம், ஒன்டாரியோ மரபுரிமைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் சேர்த்த 30 நாளுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும், நீங்கள் ஆட்சேபம் எழுதினால் சபை அதைப் பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும். பயப்படுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பட்டியலில் சேர்ப்பது வேறு, சட்டப்படி மரபுரிமைச் சொத்தாகப் பிரகடனம் செய்வது வேறு. ஒன்பது அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குப் பொருந்தினால் பட்டியலில் சேர்க்கலாம், பிரகடனத்துக்கு இரண்டு வேண்டும். பிரகடனமான வீட்டில் மாற்றம் செய்ய அனுமதி தேவை. பட்டியலில் மட்டும் உள்ள வீட்டுக்கு இருக்கிற கட்டுப்பாடு, இடிப்பதானால் 60 நாளுக்கு முன்னமே சபைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதுதான். குசினியை மாற்றலாம், நிறம் பூசலாம், விற்கலாம்.

2023 ஜனவரியிலிருந்து இன்னொரு மாற்றமும் வந்தது. பட்டியலில் ஒரு வீட்டை இரண்டு வருடத்துக்குமேல் பிரகடனம் செய்யாமல் சும்மா வைத்திருக்க முடியாது, நீக்க வேண்டும், நீக்கினால் ஐந்து வருடத்துக்குத் திரும்பச் சேர்க்கவும் முடியாது. அதற்கு முன்னமே பட்டியலில் இருந்தவைக்கு மட்டும் 2027 ஜனவரி 1 வரை தவணை நீட்டினார்கள். ஆகவே உங்கள் கடிதத்தில் எந்தத் தேதியில் சேர்த்ததாக இருக்கிறது என்று பாருங்கள். விலையைப் பற்றி ஒரே பதில் இல்லை. வீட்டை வாழ வாங்குகிறவருக்கு அது குறையாது, இடித்துக் கட்ட வாங்குகிறவருக்கு அது குறைதான்.

அந்த 60 நாளைப் பற்றி எங்கள் ஊர் வாசகர்களுக்காக ஒரு சொல். அது வீட்டைக் காப்பாற்றுவதில்லை, ஆட்களுக்கு நேரம் எடுத்துக் கொடுக்கிறது. அயலவர்கள் கூடிப் பேச, சபை ஆளனுப்பிப் பார்க்க, வீட்டை வேறிடத்துக்கு நகர்த்த முடியுமா என்று யோசிக்க இரண்டு மாதம். உங்கள் மார்க்கம் நகரிலேயே, நின்ற இடத்தில் இருக்க முடியாமல் போன பழைய வீடுகளைத் தூக்கிக் கொண்டுவந்து வைப்பதற்கென்று ஒரு குடியிருப்பே ஒதுக்கியிருக்கிறார்கள், ஒருமுறை போய்ப் பாருங்கள். இங்கே எங்களுக்கு அந்த இரண்டு மாதம் கிடைப்பதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் இடிக்கிற பெக்கோ இயந்திரம் வந்து நின்றால் திங்கட்கிழமை காலை வெறும் வளவுதான்.

கேள்வி: அக்கா, உள்ளதைச் சொல்லுங்கள். தொல்பொருள் திணைக்களம் என்றாலே எங்களுக்குப் பயம். பழைய வீடு, பழைய கல் என்று நாங்களே போய்ச் சொன்னால் நாளைக்குக் காணியே போய்விடாதா? பேசாமல் இருப்பதுதான் நல்லது என்று அப்பா சொல்கிறார். (வாசகர், உப்புவெளி)

பதில்: தம்பி, அப்பாவின் பயத்தை நான் ஒருநாளும் குறைவாகச் சொல்ல மாட்டேன். கன்னியா வெந்நீரூற்றடியில் பிள்ளையார் கோயில் இருந்த இடத்தைப் பற்றி நடந்த தகராறை எல்லாரும் பார்த்தோம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, பாதுகாப்புச் செயலாளர் தலைவராக இருந்தார், உறுப்பினர்களில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை, அதுவும் இந்த மூன்று இனமும் வாழ்கிற மாகாணத்துக்கு. அப்படிப்பட்ட அனுபவம் உள்ள சனம் வாயை மூடிக்கொண்டு இருப்பது இயல்பு.

ஆனாலும் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பயப்படுவோம். ஒரு தனியார் வீட்டைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அறிவிப்பதால் உறுதி உங்கள் பெயரிலிருந்து மாறுவதில்லை. வீடும் காணியும் உங்களுடையது, பிள்ளைக்கு எழுதலாம், விற்கலாம், குடியிருக்கலாம். கட்டுப்படுவது திருத்தமும் மாற்றமும்தான். காணியை அரசாங்கம் எடுப்பதென்றால் அது வேறு சட்டம், 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம், அதற்கு 2ஆம் பிரிவு அறிவித்தலில் தொடங்கி 38ஆம் பிரிவுக் கட்டளை வரைக்கும் தனி நடைமுறை இருக்கிறது, நட்டஈடும் உண்டு. உங்கள் மதிலில் ஏதாவது அறிவித்தல் ஒட்டினால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதலில் வாசியுங்கள். தமிழில் இல்லை என்றால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வாசித்துவிட்டு அன்றைக்கே சட்டத்தரணியிடம் போங்கள்.

பயம் உண்மையாக நிற்க வேண்டிய இடம் உறுதி இல்லாத காணி. அனுமதிப்பத்திரக் காணி, போருக்குள் பத்திரம் தொலைந்த காணி, அரச காணியென்று வரைபடத்தில் நிற்கிற பரம்பரைக் காணி, இவை வைத்திருப்பவர்கள் மரபுரிமையைப் பற்றி எவரிடமும் பேச முன்னம் பிரதேச செயலகத்தில் பத்திரத்தைச் சரிசெய்ய வேண்டும். இதில் அப்பா சொல்வது முழுக்கச் சரி.

ஏற்கனவே உங்கள் வளவு ஏதாவது பட்டியலில் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஊகிக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருகிறார்களா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். காணியின் பெயர், வீதி, இலக்கம், அளவைப் படத்தின் இலக்கம் எல்லாவற்றையும் தெளிவாகப் போடுங்கள், இல்லாவிட்டால் "விபரம் போதாது" என்று திருப்பிவிடுவார்கள்.

பேசாமல் இருப்பதைப் பற்றித்தான் எனக்கு அப்பாவோடு ஒத்துப்போக முடியவில்லை. நாங்கள் எழுதாமல் விட்ட வீட்டை வேறு எவரும் எங்களுக்காக எழுதப் போவதில்லை. இந்த ஊரைப் பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் பிரெட்றிக் கோட்டைக்குள் 1800இல் பிரித்தானியத் தளபதி வெலஸ்லி தங்கிய வீடு இருக்கும், ஒஸ்ரன்பேர்க் கோட்டை இருக்கும். டச்சுக் கடற்படை ஆணையாளரின் வீடு பாழடைந்து கிடந்து, பிறகு நெதர்லாந்து உதவியோடு திருத்தி, இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது, பார்க்க வடிவாக இருக்கிறது, சந்தோசம். ஆனால் அந்தக் கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் கணக்கு எழுதினவர், கப்பலுக்குக் கயிறு திரித்தவர், மரம் அரிந்தவர், சந்தையில் கடை வைத்தவர் இருந்த வீடுகள் எங்கே? 1957இல் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் வரைக்கும் இந்த நகரின் பாதி அடுப்பு டொக்யார்ட் சம்பளத்தில்தான் எரிந்தது. அந்தச் சம்பளத்தில் கட்டின விறாந்தைகள் மரபுரிமை இல்லையென்றால் வேறு எது? அவற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிற குடும்பம் எத்தனை?

ஆகவே எவரிடமும் கொடுக்கிறீர்களோ இல்லையோ, முதலில் வீட்டை எழுதுங்கள். டைக் வீதித் தங்கச்சிக்கும் இதைத்தான் சொல்ல வந்தேன். பெரிய புத்தகம் வேண்டாம், நாலைந்து பக்கம் போதும். யார் கட்டினது, எந்தக் காசில், மேசன் யார், மரம் எங்கிருந்து வந்தது. எந்தச் சுவர் முதலிலிருந்தே உள்ளது, எந்த அறை பிறகு இழுத்தது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான்காரன் குண்டு போட்டபோது வீட்டில் யார் இருந்தார்கள், எங்கே ஓடினார்கள், வளவுக்குள் பதுங்குகுழி வெட்டினார்களா. 64ஆம் ஆண்டுச் சூறாவளியில் ஓடு போனதா. 83இல், 90இல் யார் வந்து தங்கினார்கள். சுனாமித் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது, அந்தப் படியை அளந்து எழுதுங்கள். "மிகவும் பழமையான, அழகான வீடு" என்று எழுதினால் எந்த அதிகாரியும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார், "முன்விறாந்தைத் தூண் ஆறும் ஒரே மரம், தலைப்பகுதியில் கையால் செதுக்கிய பூ, 1930களின் குடும்பப் படத்தில் இதே தூண் தெரிகிறது" என்று எழுதினால் எழும்பி வந்து பார்ப்பார். படத்தையும் அப்படியே எடுங்கள். ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று, கதவு ஜன்னலுக்குப் பக்கத்தில் அளவு நாடாவை விரித்துப் பிடித்து, கூரையின் உட்புறத்தையும் சேர்த்து. ஒரு பிரதி வீட்டில், ஒன்று வெளிநாட்டில் உள்ள உறவிடம்.

இதெல்லாம் கையில் இருந்தால் நகரத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கிறபோது அடுத்த நாளே கொடுக்கலாம். இல்லாவிட்டால் வேறு எவராவது வந்து உங்கள் வீட்டைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை எழுதுவார், அப்பா பயப்படுகிறதும் அதற்குத்தானே.

கேள்வி: எங்கள் வீடு எத்தனை வருடம் பழசு என்று கண்டுபிடிப்பது எப்படி? 200 வருடம் என்கிறார் பெரியப்பா, 80 என்கிறார் மாமி. (வாசகி, உவர்மலை)

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் எழுதி வையுங்கள், பிறகு பத்திரத்தைத் தேடுங்கள். உறுதி எழுதும்போது காணியை மட்டும் சொல்லாமல் "அதிலுள்ள கல்வீடும் கிணறும்" என்று எழுதுகிற வழக்கம் உண்டு. பின்னோக்கிப் போய், எந்த வருட உறுதியில் முதன்முதலாக வீடு என்ற சொல் வருகிறது என்று பாருங்கள். அளவைப் படத்தில் கட்டடம் கீறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சபையின் சோலைவரிப் பதிவுகளில் பழையவை கிடைத்தால் அது நல்ல சான்று. கத்தோலிக்கக் குடும்பமென்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவில் வீதியின் பெயர் அகப்படலாம்.

வீட்டிலேயும் எழுத்து இருக்கிறது. ஓட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டை ஓடென்றால் செய்த கொம்பனியின் பெயரும் ஊரும் அச்சாகப் பதிந்திருக்கும். மங்களூர் பாசல் மிஷன்காரர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல், ஆகவே அவர்களுடைய முத்திரை உள்ள ஓடு அதற்கு முன்னம் உங்கள் கூரைக்கு வந்திருக்க முடியாது. ஆனால் கவனம், ஓடு சொல்வது கூரையின் வயதை. சூறாவளிக்குப் பிறகு புது ஓடு போட்ட பழைய சுவர்கள் இங்கே உண்டு, பழைய ஓட்டை வாங்கிப் போட்ட புது வீடுகளும் உண்டு. சுவர் வெடித்த இடத்தில் உள்ளே என்ன தெரிகிறது என்று பாருங்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமா, செங்கல்லா, சீமெந்துக் கல்லா? கதவுச் சட்டத்தில் ஆணி சதுரமா உருண்டையா? கொல்லன் அடித்த சதுர ஆணி இருந்தால் அந்தக் கதவை எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எல்லாம் சேர்த்து "1890க்கும் 1915க்கும் இடையில்" என்கிற மாதிரி ஒரு இடைவெளி வந்தாலே போதும், காரணத்தோடு சொல்கிற இடைவெளி காரணமில்லாத 200 வருடத்தைவிடப் பெறுமதியானது.

கேள்வி: பழைய சுண்ணாம்புச் சுவர் அடியிலிருந்து உப்புப் பூத்து உதிர்கிறது. முழுக்கக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசினால் ஒரேயடியாக நிற்கும் என்கிறார் மேசன். பூசலாமா? (வாசகர், திருக்கடலூர்)

பதில்: பூச வேண்டாம். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் நிலத்து ஈரத்தை இழுக்கும், காற்றுப்பட விட்டுவிடும், அப்படித்தான் இவ்வளவு காலம் நின்றிருக்கிறது. வெளியே சீமெந்தால் மூடினால் ஈரத்துக்குப் போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும், இப்போது முழங்கால் அளவில் இருக்கிற உப்பு இரண்டு மாரி கழிய இடுப்பளவுக்கு வரும், அப்புறம் சீமெந்துப் பூச்சு பலகை மாதிரிக் கழன்று விழும்போது பழைய கல்லின் முகத்தையும் சேர்த்துக் கொண்டு போகும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பீலி உடைந்து கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, வெளி நிலம் உள் நிலத்தைவிட உயர்ந்துவிட்டதா, முற்றத்துக்குச் சீமெந்து போட்டதால் தண்ணீர் ஓட இடமில்லையா. அதைச் சரிசெய்து, உதிர்கிற பகுதியை மட்டும் மெதுவாகத் தட்டி எடுத்து, உப்பை உலர்ந்த தும்பால் துடைத்து (தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், உப்புத் திரும்ப உள்ளே போகும்), சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசச் சொல்லுங்கள். மணலை நல்ல தண்ணீரில் கழுவிய பிறகுதான் கலக்க வேண்டும், கடற்கரை மணல் கூடவே கூடாது. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்காமல் சுண்ணாம்பே அடியுங்கள்.

கல் மாற்ற வேண்டி வந்தால் இடிந்த வீட்டுக் கல்லை வாங்குங்கள். கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது தடை, எவராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, உங்கள் வளவு கடலுக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால், உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் கரையோர வலயம் என்று 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, அதற்குள் புதிதாக அறை இழுப்பது, மதில் கட்டுவது என்றால் அந்தத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கு அதெல்லாம் தேவையில்லை.

கேள்வி: கொழும்பிலிருந்து ஒருவர் வந்து எங்கள் பழைய கதவுச் சோடியையும் விறாந்தைத் தூண்களையும் நல்ல விலைக்குக் கேட்கிறார், பதிலுக்கு அலுமினியக் கதவும் போட்டுத் தருவாராம். வீட்டைப் பதிவதற்கு இதனால் ஏதும் பாதிப்பு வருமா? (வாசகி, பாலையூற்று)

பதில்: வரும், அதுவும் நிறைய. எந்த நாட்டில் எந்தப் பட்டியலானாலும் அதிகாரி வந்து முதலில் பார்ப்பது முதலிலிருந்தே உள்ள பாகங்கள் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான். தூண் போனால் விறாந்தைக் கூரையின் பாரமும் இடம் மாறும், இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார், அது சில வருடத்தில் கடல் காற்றுக்குத் துருப்பிடிக்கும். காசு அவசரமாகத் தேவைப்படுகிறதென்றால் எனக்கு விளங்குகிறது, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அப்படியென்றால் வீட்டில் பொருத்தாமல் கிடக்கிற பழைய தளபாடம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கட்டில், அலுமாரி, மேசை என்று. கதவையும் தூணையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். அந்த மனிதர் திரும்ப வந்தால், வீட்டில் எல்லாப் பங்காளிகளுக்கும் சம்மதமில்லாமல் கழற்ற முடியாது என்று சொல்லுங்கள், வீடு பிரிபடாத பங்காக இருந்தால் சட்டப்படியும் அதுதான் சரி.